அக்கா போட்ட சர்வீஸ்

இத்தனை வருஷம் கழித்தும் சில விடிகாலைகளில் அந்தப் பந்து என்னை நோக்கி வருகிறது. பச்சை மேசை. அந்தப் பக்கம் அக்கா நிற்கிறாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறாள். இடது உள்ளங்கையில் பந்து. மட்டை பிறை மாதிரி வளைந்து இறங்கி ஏறுகிறது. பந்து வலையைத் தாண்டி, வெடித்த காயிலிருந்து காற்று பிரித்தெடுத்த பஞ்சு மாதிரி மிதந்து வருகிறது. எனக்கு வேண்டிய நேரம் இருக்கிறது. மட்டையை எப்படி நீட்டுவது என்றுதான் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே இருக்கும்போது விழித்துவிடுகிறேன்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். எழுபதுகளின் கடைசி. அங்கே ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் வேலைக்கு நாங்கள் ஆறு பெண்கள் இருந்தோம். அந்தக் காலத்தில் போனை எடுத்தால் முதலில் எங்கள் குரல்தான் கேட்கும். யாரிடம் பேச வேண்டும் என்று எண்ணைக் கேட்டு, எதிரே இருக்கிற போர்டின் துளையில் பிளக்கைச் சொருகினால்தான் இரண்டு பேருக்கு நடுவே பேச்சு ஓடும். ஒரு காதில் மாட்டுகிற ரிசீவர். வாய்க்கு நேரே ஒரு குழல். மதியத்தில் ஊரே வெயிலில் மயங்கிக் கிடக்கும்போது அந்தக் கம்பிகளின் ரீங்காரம் மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு கேரம் போர்டும் உள்ளூர் ஆசாரி செய்த டேபிள் டென்னிஸ் மேசையும் கிடந்தன. மேசையின் ஒரு மூலையில் பந்து எழும்பாது, பொத்தென்று படுத்துவிடும். எல்லாருக்கும் அந்த மூலை தெரியும் என்பதால் யாரும் அதைக் குறைசொன்னதில்லை. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ஆட வேண்டும். இல்லாவிட்டால் பந்து காற்றில் அலையும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அக்கா கேட்டாள்.

“ஏட்டி, உனக்கு இது விளையாடத் தெரியுமா?”

நான் பாளையங்கோட்டையில் படித்தபோது காலேஜ் சாம்பியன். வீட்டு அலமாரியில் என் கோப்பை இருந்தது. இதையெல்லாம் அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“அப்படியா! அப்ப எனக்கும் ரெண்டு சொல்லிக்கொடு” என்றாள்.

அப்போது ஒரு ஆட்டத்துக்கு இருபத்தொரு பாயிண்ட். ஆளுக்கு ஐந்து சர்வீஸாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். நான் ஆறே பாயிண்ட் எடுத்துத் தோற்றேன். அவளுடைய சர்வீஸில் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் என் மட்டை விளிம்பில் பட்டுத் தானாகப் போனது.

அந்தச் சர்வீஸைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. புரிந்த பிறகும் எடுக்க முடியவில்லை. கை முதலில் கீழே இறங்கும், பிறகு மேலே ஏறும். இறங்கும்போது பந்தைத் தொட்டால் அது கட், கீழ்ச்சுழல். நான் மட்டையை வைத்ததும் வலையில் விழும். ஏறும்போது தொட்டால் மேல்சுழல். என் மட்டையில் பட்டு மேசையைத் தாண்டி ஓடும். அடியில் திரும்புகிற இடத்தில் தொட்டால் பக்கவாட்டில் வழுக்கும். சில சமயம் கை இத்தனையும் செய்வதுபோல் செய்யும், பந்தில் ஒரு சுழலும் இருக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சுதான். எப்போது தொட்டாள் என்பதுதான் விஷயம். அந்தக் கணத்தில் அவளுடைய இடது முழங்கை பந்துக்கு முன்னால் வந்துவிடும். அப்போது அதற்கெல்லாம் தடை கிடையாது. மட்டையின் இரண்டு பக்கமும் ஒரே மங்கிய சிவப்பு. ஒரு பக்கத்து ரப்பர் பந்தைக் கவ்வும், மறு பக்கம் வழவழவென்று இருக்கும். மேசைக்கடியில் மட்டையைப் புரட்டிக்கொள்வாள்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். காதுதானே எங்கள் பிழைப்பு. ஒரு பக்கம் ‘டக்’கென்றும் மறு பக்கம் ‘தொப்’பென்றும் கேட்டது. இரண்டே நாளில் அவள் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் “வருது” என்று வாயால் ஒரு சத்தம் கொடுக்க ஆரம்பித்தாள்.

“என்னக்கா பண்ணுதிய பந்தை?”

“நான் என்னத்த பண்ணேன்? அது பாட்டுக்கு வருது.”

அவள் முகம் அப்படி. கொஞ்சம் அகலமான முகம். உதட்டோரத்தில் சிரிப்பு தொடங்கப்போகிற மாதிரியே இருக்கும்; தொடங்காது. இந்த ஆட்டத்தை எங்கே கற்றாள் என்று என்னிடம் ஹாஸ்டலில் என்றாள். இன்னொருத்தியிடம் அண்ணன் சொல்லிக்கொடுத்தான் என்றாள். அவளுக்கு அண்ணனே கிடையாது. செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரை வளர்த்து வந்தாள். அவர்களைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளோடு சர்ச்சுக்குப் போகும்போதும் அதே முகம்தான்.

ஒருமுறை ஒரு பருத்தி வியாபாரியின் மனைவி எக்ஸ்சேஞ்சுக்கே வந்துவிட்டார். தினமும் மூன்று மணிக்குத் தன் வீட்டுக்காரர் யாரிடம் பேசுகிறார் என்று தெரிய வேண்டும். அந்த லைனைப் போட்டுக்கொடுப்பது அக்காதான். அவளுக்குத் தெரியும். அந்த அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். போகும்போது அந்த அம்மா சமாதானமாகப் போனார்.

“என்னக்கா சொன்னிய?”

“ஒண்ணும் சொல்லலியே. அவிய பையன் படிப்பப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.”

அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவளுடைய அந்த முகம் என் பக்கம் திரும்பியபோது சிரிப்பு வரவில்லை.

என் ஊர் நாகலாபுரம். நான் எக்ஸ்சேஞ்சு இருந்த ஊரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஊருக்குப் போக மாலை ஆறு மணி பஸ்தான். ஒருநாள் நான்கு மணிக்கு வேலை முடிந்து எழுந்தேன். அக்கா இன்னும் போர்டில் இருந்தாள். “அங்கன இரு, ஒரு நிமிசத்துல வாரேன்” என்றாள். வந்தாள். ஆடினோம். முதல் ஆட்டம் அவளுக்கு. இரண்டாவதும் அவளுக்கு. வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவோம். “இன்னொண்ணு ஆடுவோம்” என்றாள். அந்த மூன்றாவது ஆட்டத்தில் நான் இருபத்தொன்றுக்குப் பத்தொன்பதில் அவளைத் தோற்கடித்தேன். இரண்டு வருஷத்தில் முதல் ஜெயிப்பு. மட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிவந்தேன். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. அந்தக் கால் மணி நேரம் மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னாலும் எனக்கு இல்லை, பின்னாலும் இல்லை.

“வா, இன்னைக்கு உன் ஊருக்குப் போவோம்” என்றாள் அக்கா.

“எதுக்குக்கா திடீர்னு?”

“நான் பாத்ததே இல்லல்லா.”

பஸ்ஸில் நான் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். வெளியே கரிசல் காடு இருட்டத் தொடங்கியிருந்தது. ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா தவறிட்டாவட்டி. காட்டுல வேல பாத்துக்கிட்டு இருந்தப்ப நெஞ்சு வலி. நாலு மணிக்கு உங்க சித்தப்பா போன் பண்ணுனாவ.”

நான்கு மணி என்பது எனக்கு முதலில் உறைக்கவில்லை. ஊரில் இறங்கி, தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது. நான் மட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபோது அப்பா கட்டாந்தரையில் கிடத்தப்பட்டிருந்தார்.

துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“ரெண்டு மணி நேரத்தை ஏன் மறைச்சிய?”

“ஆறு மணிக்குத்தானே பஸ். நாலுக்கே சொல்லியிருந்தா நீ அந்த பஸ் ஸ்டாண்டுல என்ன பண்ணியிருப்பே?”

“அழுதிருப்பேன். அது என் அப்பாவுக்கு உள்ள அழுகை.”

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நான் அவளோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊரிலுள்ள எல்லாரையும் பேச வைத்துக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அந்த ஆட்டத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாளா என்பது வேறு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த பங்குனியில் எனக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் அவளுக்கு வலது புறமாகப் போய் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்.

“அக்கா, நான் பேசாம இருந்தது தப்பு.”

அவள் திரும்பவில்லை. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கையிலிருந்த சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைவிட ஓர் அவமானம் இல்லை என்று நினைத்துக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் லைனில் ஒரே இரைச்சலாக இருந்தது. சூப்பர்வைசர், “சீனியர்கிட்ட குடுத்துக் கேளும்மா” என்றார். நான் எழுந்துபோய் என் ரிசீவரைக் கழற்றி, என் பக்கமிருந்த அக்காவின் வலது காதில் வைத்து, கேட்கும்படி சைகை காட்டினேன். கவனமாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

“இப்ப நல்லாத்தானே இருக்கு.”

நான் கீழே பார்த்தேன். எழுந்த வேகத்தில் என் கால் தட்டிப் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ரிசீவரில் எந்த லைனும் இல்லை.

அவளும் பார்த்துவிட்டாள். முகம் மாறவில்லை. சீட்டைத் திருப்பி வைத்தாள். மாலையில் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். போன வருஷம் ஐப்பசியில் ஓர் இடி. மழைக்காலத்தில் மின்னல் வெட்டினால் வெட்டவெளியில் ஓடுகிற கம்பி வழியாக அந்தச் சத்தம் ரிசீவருக்குள் வந்து வெடிக்கும். அன்றைக்கு அவள் காதைத் தேய்த்துக்கொண்டே, “காதுக்குள்ள வண்டு பூந்துட்டு” என்று சொல்லிச் சிரித்தது எனக்கும் ஞாபகம் இருந்தது. வலது காது அன்றோடு போய்விட்டது. ரிசீவரை இடது பக்கம் மாற்றிக்கொண்டாள். அது யார் கண்ணிலும் படவில்லை.

“வெளிய தெரிஞ்சா ஆபரேட்டருக்கு லாயக்கில்லன்னு எழுதிருவாவ. பிள்ளைகள் ரெண்டும் பள்ளிக்கூடம் போகுது. யார்ட்டயும் சொல்லிராத.”

“சொல்ல மாட்டேன்.”

பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்: “அன்னைக்கு மூணாவது ஆட்டத்துல நான் விட்டுக்கொடுக்கலட்டி. கை ஓடல எனக்கு.”

அந்தக் கோடையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆபரேட்டர்கள் எல்லாருக்கும் காதுச் சோதனை. டாக்டர் ஒருவர் கம்பவுண்டரோடு வந்தார். பின்னறையில் வலையைக் கழற்றிவிட்டு, டேபிள் டென்னிஸ் மேசைதான் அவருக்கு மேசை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ரிஜிஸ்டர் எழுத என்னை உட்கார வைத்தார்கள். சோதனைக்கு வருகிறவள் எனக்கு எதிரே உட்கார வேண்டும். கம்பவுண்டர் பின்னால் நின்று ஒரு காதில் ஈரப்பஞ்சை அடைத்து அழுத்திக்கொள்வார். டாக்டர் அதற்கும் பின்னால் கதவோரம் நின்று ஓர் எண்ணைக் கிசுகிசுப்பார். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் எழுத வேண்டும்.

அக்கா வந்து உட்கார்ந்தாள். முகம் எப்போதும் போலத்தான். மட்டையைப் புரட்டுகிற அந்தக் கை மட்டும் மேசைக்கடியில் இருந்தது.

இடது காதில் கேட்டதையெல்லாம் சரியாகச் சொன்னாள். பஞ்சு அந்தக் காதுக்கு மாறியது. டாக்டர் கிசுகிசுத்தார். எனக்கு நன்றாகவே கேட்டது. அவள் பதில் சொல்வதற்கு முன்னாலேயே நான் எண்ணைப் பெரிதாக எழுதினேன். நாற்பத்து மூன்று. அவள் கண் தாழ்ந்து எழுந்தது.

“நாப்பத்து மூணு.”

அடுத்தது. அதற்கடுத்தது. தலைகீழாகத் தெரியும் என் எண்களைப் படித்து, ஒவ்வொன்றையும் யோசித்து நினைவுபடுத்துவதுபோலச் சொன்னாள். கம்பவுண்டர் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை டாக்டர் உதட்டை மட்டும் அசைத்தார், சத்தமே இல்லை. என் பென்சில் காகிதத்தின் மேலே நின்றது. அக்கா என் பென்சிலைப் பார்த்தாள். தலையைச் சற்றே சாய்த்தாள்.

“ஒண்ணும் கேக்கலியே சார்.”

“குட்” என்றார் டாக்டர்.

அவர் போன பிறகு அக்கா என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. “உன் ஏழு ஒண்ணு மாதிரி இருக்கு” என்றாள்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவளால் முடித்துக்கொள்ள முடியவில்லை. ஆவணியில் அவளுக்குச் சளி பிடித்து, நன்றாக இருந்த காதும் அடைத்துக்கொண்டது. அந்த நாட்களில் எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் பதறிக்கொண்டு டாக்டர் வீட்டு நம்பரைக் கேட்டார். குழந்தையைப் பாம்பு தீண்டியிருந்தது. முப்பத்தேழு என்று அவர் சொன்னது அவளுக்கு இருபத்தேழு என்று விழுந்தது. பருத்திக் கோடவுனுக்குப் போட்டுவிட்டாள். வாட்ச்மேன் தப்பு நம்பர் என்றார். மறுபடி கேட்டு, மறுபடி போட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மேசையில பாயிண்ட் போனா போவுது” என்று அன்று மாலை சொன்னாள். “இது அப்படி இல்லல்லாட்டி.”

“சொல்லிரலாம்க்கா” என்றேன்.

“சொன்னா, எப்பலேந்துன்னு கேப்பாவ. ரிஜிஸ்டர்ல உன் கையெழுத்துல்லா இருக்கு.”

அதற்குப் பிறகு எந்த எண்ணையும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்ன பிறகே பிளக்கைச் சொருகினாள். டீ குடிக்க வெளியே போகும்போதெல்லாம் வாசலில் நின்று கிழக்கே பார்த்தாள். புரட்டாசி முழுக்க அப்படித்தான் நின்றாள். விதைப்புக்கு மழை வேண்டி ஊரே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் அதைத்தான் பார்க்கிறாள் என்று நான் இருந்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கரிசலும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. காற்று நின்றுபோயிருந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். ரிசீவர் அவளுடைய வலது காதில் இருந்தது.

கேட்காத காது. ஒரு வருஷமாக அதில் அவள் ரிசீவரை மாட்டியதே இல்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவளிடமிருந்து வருகிற ஒன்றை வருவதற்கு முன்னால் நான் அறிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

“இடி வருது, எல்லாரும் ரிசீவரைக் கழட்டுங்கம்மா” என்றார் சூப்பர்வைசர்.

“ஒரு அவசர கால் சார். முடிச்சிட்டுக் கழட்டுதேன்” என்றாள் அக்கா.

மின்னல் அறைக்குள் வந்துபோனது. அழைப்பு வந்தால் விழுகிற போர்டு மூடிகளெல்லாம் கடகடவென்று விழுந்தன. “ஐயோ, காது” என்று ரிசீவரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் போர்டின்மேல் சாய்ந்தாள். ஓடிவந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீ பாத்தியாம்மா?”

“பாத்தேன் சார். இடி விழும்போது ரிசீவர் அவிய காதுலதான் இருந்துது.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் குரலும் ஆடவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் வலது காது போய்விட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள். வேலையில் பட்ட காயம் என்பதால் வேலை போகவில்லை. போர்டிலிருந்து எடுத்து, மாடியில் ரெக்கார்டு அறையில் ஒரு மேசை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவளைப் போய்ப் பார்த்தேன்.

“எப்படிக்கா இப்படி?” என்றேன்.

“நடந்தது அதேதானட்டி. நாள் மட்டுந்தான் வேற” என்றாள். அப்பா செத்த அன்றைக்கு பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள்மேல் எனக்கு மிச்சமிருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டதா என்றால், முழுக்கப் போகவில்லை. இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

மாடிக்குப் போன முதல் நாள் ஐந்து மணிக்குச் சேர்ந்தே வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. ஈரக் கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தது. போர்டில் அன்று நடந்ததையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே நடந்தேன். டீக்கடைப் பக்கம் வந்ததும் அவள் நின்றாள். கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள்.

“ஏட்டி, இந்தப் பக்கம் வா. அந்தக் காதுல எனக்கு ஒண்ணும் கேக்காது.”

நான் அவளைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன்.

“ம், இப்ப சொல்லு” என்றாள்.

முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.